லோகிக்குக் கிழமை இல்லை

ஹாலிவுட் படங்களின் புண்ணியத்தில் தோர், ஓடின், லோகி எல்லாரும் நமக்குப் பழகிய பெயர்களாகிவிட்டன. கூடவே, ஸ்காண்டிநேவியக் கிழமைகளைப் பற்றிய சில தவறான எண்ணங்களும் பரவியிருக்கின்றன.

நம்பிக்கை: கிழமைப் பெயர்கள் வைக்கிங்குகளின் சொந்தப் படைப்பு.

உண்மை: சட்டகம் ரோமாபுரியுடையது. ரோமர்கள் கோள்களின் பெயரால் நாள்களை அழைத்தார்கள். அவர்களோடு பழகிய ஜெர்மானிய மக்கள் அந்த இடங்களில் தங்கள் தெய்வங்களை அமர்த்தினார்கள்: மார்ஸுக்குப் பதில் டீர், மெர்க்குரிக்குப் பதில் ஓடின், இடியை ஏந்திய ஜூபிடருக்குப் பதில் தோர். இந்தப் பெயர்கள் பிறகே வடக்கே போயின. ஸ்வீடனின் டிஸ்டாக், ஓன்ஸ்டாக், டோர்ஸ்டாக் அப்படி வந்தவை. நம் செவ்வாய், புதன், வியாழனும் இதே கோள் வரிசைதான்.

நம்பிக்கை: வெள்ளிக்கிழமை காதல் தேவதை ஃப்ரெயாவின் நாள்.

உண்மை: வீனஸுக்கு ஈடாக வைக்கப்பட்டவள் ஓடினின் மனைவி ஃப்ரிக். பெயர் உருவான தென்பகுதி ஜெர்மானியரிடம் ஃப்ரெயா வழிபாட்டுக்குத் தடயம் இல்லை.

நம்பிக்கை: சனிக்கிழமை லோகியின் நாள்.

உண்மை: அந்த நாளுக்கு எந்தத் தெய்வமும் உரிமை கொண்டாட முடியாது. ஸ்வீடனில் லோர்டாக், ஐஸ்லாந்தில் லோய்கர்டாகுர். இரண்டுக்கும் பொருள் குளிக்கும் நாள். சனிக் கோளுக்கு ஈடான தெய்வத்தைத் தேடாமல், அன்று செய்கிற வேலையையே பெயராக்கிவிட்டார்கள். ரெய்க்யாவிக்கின் கடைவீதி லோய்காவேகுர் பெயரிலும் இதே வேர்ச்சொல் இருக்கிறது. துணி துவைக்கப் பெண்கள் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போன பாதை அது. இங்கிலாந்தில் குடியேறிய டேனியர்கள் தினமும் தலைவாரி, சனிதோறும் குளித்து, உள்ளூர்ப் பெண்களை மயக்கினார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வரலாற்று நூல் ஒன்று குறைபட்டுக்கொள்கிறது. வைக்கிங்குகள் அழுக்கர்கள் என்ற நம்பிக்கையும் இதோடு அடிபட்டுப் போகிறது.

நம்பிக்கை: வட நாடுகள் எல்லாமே பழைய தெய்வங்களைக் கிழமைகளில் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

உண்மை: ஐஸ்லாந்து வைத்திருக்கவில்லை. அங்கே செவ்வாய் ‘மூன்றாம் நாள்’, புதன் ‘வார நடு’, வியாழன் ‘ஐந்தாம் நாள்’, வெள்ளி ‘நோன்பு நாள்’. 1106 முதல் 1121 வரை ஹோலாரில் ஆயராக இருந்த யோன் ஓக்முன்ட்சன் பழைய பெயர்களை விலக்கினார் என்பது அந்நாட்டு மரபு. ஓடின், தோர் கதைகளை ஏட்டில் எழுதிக் காத்துத் தந்த நாடும் ஐஸ்லாந்துதான். அதன் நாள்காட்டியிலோ அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.