தேர்வுக் காலச் சமையல்: படிக்கிற பிள்ளைகளின் கவனம் சிதறாமலிருக்கச் சில குறிப்புகள்

பொதுத் தேர்வு நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுங்கள், பாதாமை ஊற வையுங்கள், இன்ன பவுடரைப் பாலில் கலக்குங்கள் என்று. ஒரே வாரத்தில் ஞாபக சக்தியைக் கூட்டிவிடும் உணவு எதுவும் உலகத்தில் கிடையாது. ஆனால் சாப்பாடு சரியில்லை என்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் தடுமாறும். மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. உடலுக்குச் சக்தி விட்டுவிட்டுக் கிடைத்தால் கவனமும் விட்டுவிட்டுத்தான் நிற்கும். அதற்கு வேண்டிய எல்லாமே நம் ஊர் மளிகைக் கடையிலும் சந்தையிலும் இருக்கின்றன.

1. காலைச் சாப்பாட்டை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வின் நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மணிக்கு உள்ளே உட்கார்ந்து, வினாத்தாள் படிக்கப் 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம் போக, 10.15க்கு எழுத ஆரம்பித்தால் 1.15க்குத்தான் முடியும். வெளியே வந்து சாப்பாட்டில் கை வைக்க ஒன்றரை மணி ஆகிவிடும். காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் சாப்பிட்டது அதுவரை தாங்க வேண்டும். ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கட்டும் தாங்காது. இட்லி என்றால் பருப்புக் கெட்டியாகப் போட்ட சாம்பாருடன் கொடுங்கள். தோசைக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் வைக்காமல் நிலக்கடலைச் சட்னியோ பொட்டுக்கடலைச் சட்னியோ சேர்த்து வையுங்கள். வெண்பொங்கலானால் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டு, நெய்யைக் குறைத்துவிடுங்கள். நெய் வழிந்தால் தேர்வு அறையிலேயே கண் சொக்கும். எல்லாவற்றிலும் என் முதல் ஓட்டு அடைக்குத்தான். அரிசியோடு மூன்று நாலு பருப்பும் சேர்வதால் வயிறு வெகு நேரம் தாங்கும்.

2. "காலையில பசிக்கலைம்மா" என்று சொல்கிற பிள்ளையைத் திட்டி ஊட்டுவதில் பயனில்லை. பெரும்பாலும் முந்தின நாள் இரவு பத்தரைக்கு மேல் சாப்பிட்டதுதான் காரணம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்தால் காலைப் பசி தானாக வரும். அதுவரை கம்பங்கூழையோ கேழ்வரகுக் கூழையோ மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுங்கள். மென்று தின்னச் சலித்துக்கொள்கிற பிள்ளைகூட இதைக் குடித்துவிடும்.

3. கவனமின்மையைப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற விஷயம் இரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்வது இது: நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண் பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஆறு பேர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிற வயது அது. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் இரத்தம் மூளைக்குப் போதிய ஆக்ஸிஜனைக் கொண்டுபோகத் திணறும். படித்த பத்தியையே திரும்பத் திரும்பப் படிப்பாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலம் வந்ததும் படுத்துக்கொள்வாள். வீட்டில் அதற்குச் "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள், உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பச்சை அரிசி, சாக்பீஸ், சாம்பல் தின்னத் தோன்றுவதும் ஓர் அறிகுறி. அதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்காதீர்கள்.

மனசு பொறுக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இன்னும் பல வீடுகளில் மகனுக்கு முட்டையும் மீன் துண்டும், மகளுக்குக் குழம்பு மட்டும் என்று பரிமாறுகிறார்கள். மாதாமாதம் இரத்தம் இழக்கிறவள் அவள். இரும்புச் சத்து அவளுக்குத்தான் கூடுதலாகத் தேவை. முதலில் அவள் தட்டில் வையுங்கள்.

4. முருங்கைக்கீரைப் பொரியலை இப்படிச் செய்து பாருங்கள். இளம் கொழுந்தாக உருவி, கழுவி, வடியவிடுங்கள். இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயத்தை வதக்குங்கள். கீரையைப் போட்டு, கை அளவு தண்ணீர் தெளித்து, மூடாமல் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பச்சை நிறம் மாறாமல் சுருண்டு வெந்துவிடும். உப்புப் போட்டு, வறுத்துப் பொடித்த நிலக்கடலையை இரண்டு ஸ்பூன் தூவி இறக்குங்கள். சூடு கொஞ்சம் தணிந்ததும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்காது. எலுமிச்சையின் வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாக ஏற்கும். இரும்பு வாணலியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், வாணலியிலேயே கிடந்தால் கறுத்துப்போகும்.

எலுமிச்சை இல்லாத நாளில் ஒரு பெரிய நெல்லிக்காய் போதும். கறி சாப்பிடுகிற வீடானால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ சமைத்துக் கொடுங்கள். கறியிலுள்ள இரும்பை உடம்பு கீரையை விடச் சுலபமாக எடுத்துக்கொள்கிறது. சுவரொட்டியைப் பிள்ளைகள் ஒதுக்கினால், மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு வறுத்துப் பாருங்கள்.

5. சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். டீயில் உள்ள டானின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். பார்த்துப் பார்த்துச் செய்த கீரை வீணாகிவிடும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

6. அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். அயோடின் குறைந்தால் தைராய்டு சரியாகச் சுரக்காது. மூளை வளர்ச்சியும் சுறுசுறுப்பும் அதைச் சார்ந்தவை. உப்பு ஜாடியை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடி தள்ளி வையுங்கள். குழம்பு கொதித்து இறக்கும் சமயத்தில் உப்புச் சேர்த்தால் அயோடின் அதிகம் வீணாகாது.

7. தினம் ஒரு முட்டை, மஞ்சள் கருவுடன். மஞ்சள் கருவில்தான் கோலின் என்ற சத்து இருக்கிறது. நினைவாற்றலுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை மூளை அதிலிருந்துதான் தயாரிக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு வெள்ளைக் கருவை மட்டும் கொடுத்து மஞ்சளை ஒதுக்குவது தேவையில்லாத சிக்கனம். முட்டை சாப்பிடாத வீட்டில் பால், தயிர் தினமும் இருக்க வேண்டும். வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைக்காது. அது குறைந்தால் மறதியும் கை கால் மரத்துப்போவதும் வரும்.

8. மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்புக்கு விலை உயர்ந்த மீன் தேவையில்லை. மத்தி, அயிலை, நெத்திலி போதும். கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்கிறார்களே, அந்த மத்திதான். வாரம் இரண்டு நாள் குழம்பாகவோ அவியலாகவோ வையுங்கள். எண்ணெயில் முறுகப் பொரித்தால் நல்லது பாதி போய்விடும். சைவ வீடுகளில் ஆளி விதையை வறுத்து இட்லிப் பொடியோடு சேர்த்து அரைக்கலாம். மீனில் இருப்பது போன்ற கொழுப்பாக அதில் ஒரு சிறு பங்குதான் உடம்புக்குள் மாறும் என்றாலும், இல்லாததற்கு அது மேல்.

9. பாதாமும் வால்நட்டும் வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், நல்லவைதான். வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டாம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் புரதம், நல்ல கொழுப்பு, நியாசின் எல்லாம் இருக்கின்றன. வேகவைத்தோ வறுத்தோ கொடுங்கள். புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஓர் எள்ளுருண்டை, அல்லது கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு துண்டு கொடுக்கலாம். வெல்லம் சேர்ந்தது என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

10. பள்ளி விட்டு வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். அந்த நேரத்தில் சிப்ஸ் பாக்கெட்டும் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்தால் அரை மணி நேரம் தெம்பாக இருக்கும், பிறகு மறுபடி பசிக்கும், கொட்டாவி வரும். கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, காராமணி என்று தினம் ஒரு சுண்டல் செய்யுங்கள். முந்தின இரவே ஊறப்போட்டுவிட்டால் குக்கரில் நாலு விசில், ஒரு தாளிப்பு, வேலை முடிந்தது. கொஞ்சம் மாங்காய்த் துருவலும் தேங்காயும் சேர்த்தால் கேட்டு வாங்கித் தின்பார்கள்.

11. தண்ணீர். மார்ச், ஏப்ரல் வெயிலில்தான் நம் ஊர்த் தேர்வுகள் வருகின்றன. உடம்பில் நீர் கொஞ்சம் குறைந்தாலே தலைவலிக்கும், கவனம் சிதறும். படிக்கிற மேஜையில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கட்டும். மத்தியானம் நீர்மோரோ எலுமிச்சை ஜூஸோ கொடுங்கள். பெண் பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிவறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். மகளிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். கழிவறை சரியில்லை என்றால் பள்ளி நிர்வாகத்திடம் பேச வேண்டியது பெற்றோர் நாம்தான்.

12. இரவு கண் விழித்துப் படிக்கக் காபி போட்டுக் கொடுப்பது பாசத்தில் செய்கிற காரியம். ஆனால் குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்தால் விடியற்காலை இரண்டு மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். கடைகளில் விற்கும் எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு அறவே கூடாது. 250 மில்லி டப்பா ஒன்றில் 80 மில்லிகிராம் காஃபின் வரை இருக்கும், சர்க்கரை வேறு.

13. வல்லாரை, வெண்டைக்காய் பற்றிக் கேட்பீர்கள். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு நேரடி ஆதாரமில்லை. ஆனால் ஃபோலேட்டும் நார்ச்சத்தும் உள்ள நல்ல காய், தாராளமாகச் சமையுங்கள். வல்லாரைத் துவையல் வாரம் ஒரு முறை அருமையாக இருக்கும். கசப்புப் போகப் புளியும் உளுத்தம்பருப்பும் கொஞ்சம் கூடுதலாக வைத்து அரையுங்கள். கீரையாகச் சாப்பிடலாம், மாத்திரை, டானிக் வடிவில் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

14. 'ஞாபக சக்திக்கு' என்று விளம்பரம் செய்யும் பால் பவுடர்களின் டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று படியுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அந்தத் தலைப்பில் இவற்றை விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தக் காசுக்குக் கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, இரண்டு ஏலக்காய் வறுத்து அரைத்தால் ஒரு மாதத்துக்குச் சத்துமாவு தயார்.

15. இரவில் இட்லி, சப்பாத்தி, ரசம் சாதம் போல் லேசான சாப்பாடு. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். படித்தது மனசில் பதிவது தூக்கத்தில்தான். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கீரையும் உதவாது.

16. தேர்வு அன்று புதிதாக எதையும் சமைக்காதீர்கள். வழக்கமாக ஒத்துக்கொள்கிற இட்லியே சிறந்தது. வெளியில் வாங்கிய சட்னி, முந்தின நாள் குழம்பு வேண்டாம். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், போதும்.

17. சந்தேகம் இருந்தால் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவை இலவசமாகவே பார்ப்பார்கள். பெண் பிள்ளைக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலும், 15 வயதைத் தாண்டிய பையனுக்கு 13க்குக் குறைந்தாலும் இரத்தசோகைதான். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை "வயிறு வலிக்குது" என்று பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அந்தத் தொந்தரவு குறையும். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள். குறைந்துபோன ஹீமோகுளோபின் ஏறப் பல வாரங்கள் பிடிக்கும். அதனால் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.