தோல் தொழிலும் கடற் பாக்டீரியாவும்

கொடைக்கானல் சென்ற நண்பர்கள் அங்கு அடர்ந்துள்ள வாட்டில் மரங்களைக் கண்டிருப்பர். தோல் பதனிட உதவும் டானின் அவற்றின் பட்டையில் உண்டு; அதற்காகவே பழனி மலையில் நடப்பட்டவை. (அவை புல்வெளியை விழுங்கியது வேறு கதை.) மலைக்குக் கிழக்கே திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலாளி என் தந்தையார்.

பட்டைச்சாறு ஏற்றுமுன் தோலின் உரோமத்தை நீக்கவேண்டும். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறவைப்பர். சல்பைடு உரோமத்தைக் கரைத்துவிடும். கழிவுநீரின் நாற்றத்திற்கு அதுவே முக்கிய காரணம். தந்தையாரின் விரலிடுக்குகளில் ஆறாத புண். "காலேஜில் படிக்கிறாயேப்பா, இதுக்கு வழியில்லையா?" என்றார்.

உண்டு. பாக்டீரியா சுரக்கும் புரோட்டியேஸ் என்னும் நொதி, உரோமவேரைப் பற்றியுள்ள புரதத்தைச் சிதைக்க, உரோமம் கரையாமல் முழுதாய்க் கழன்றுவிடும். ஆனால் அந்நொதி கொலாஜனைத் தீண்டலாகாது. தீண்டினால் தோலே பாழ்! தவிர, தோல் வருவது உப்பிட்டு. உப்பு மிகுந்தால் பல நொதிகள் சோர்ந்துவிடும். கடற் பாக்டீரியாவோ உப்பிலேயே பிறந்து வளர்வது. அதனாலேயே ஆய்வாளர் நாட்டம் அதன்பால் சென்றது. 1948இல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் நொதிமுறையை ஆராய்ந்துள்ளது.

இதைத் தந்தையாரிடம் விளக்கினேன். "விலை?" என்றார்.

"சுண்ணாம்பைவிட அதிகம்."

"அப்போ முதலாளி வாங்கமாட்டார்" என்று சொல்லி, விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலானார்.