மலைக் கிராமங்களும் அன்றாட நடையும்

கொடைக்கானல் ஒன்றியத்து மக்களிடம் நடையின் பயனை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும் என்று அன்பர்கள் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களில் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடியானவர்கள் பொழுது விடிந்தது முதல் ஏறி இறங்கியவண்ணமே இருக்கின்றனர். மூட்டை சுமந்து மேடேறும் தாய்மாருக்கு உடற்பயிற்சியை உபதேசிப்பது பொருந்தாது; அவர்களுக்கு வேண்டுவது ஓய்வு.

ஆயின் மலையில் வாழ்வோர் யாவரும் வயலில் உழைப்போர் அல்லர். கடை வைத்திருப்போர், ஜீப் ஓட்டுவோர், விடுதிப் பணியாளர், அலுவலர்களாகிய நாம் ஆகியோர் நாளில் பெரும்பகுதியை அமர்ந்தே கழிக்கின்றோம். நடந்து பள்ளி சென்ற பிள்ளைகள் பலர் இன்று வாகனம் ஏறுகின்றனர். வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பும், பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிடங்களும் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்த அளவை எட்டவில்லை. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் மலையேற அஞ்சுவதில்லை.

1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்திலேயே இளைஞர் மன்றங்களுக்கு இடமிருந்தது. 2019 ஆகஸ்டு 29-இல் மத்திய அரசு ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கியது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை காணும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. மேலிருந்து வரும் இத்தகைய திட்டம் ஊரில் வேர்விட ஊராரின் கை வேண்டும்.

இதற்குச் சான்று நம் மலையடிவாரத்திலேயே உண்டு. தைப்பூசத்தையொட்டிச் செட்டிநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பழனிக்குப் பல நாள் நடந்து வருவோரை எந்த இலாகாவும் அழைப்பதில்லை. வழியூர் மக்கள் நீரும் மோரும் அன்னமும் அளித்து, தங்க நிழல் தருகின்றனர். பாதை, விளக்கு, மருத்துவ முகாம் ஆகியவற்றை அரசு கவனிக்கின்றது. கூட்டுப் பொறுப்பு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நாம் அறியோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெள்ளகவி மக்கள் நெடுங்காலம் வாகனச் சாலையின்றி, குதிரை மீது சரக்கேற்றியும் நோயாளியை டோலி கட்டித் தூக்கியும் வாழ்ந்தவர்கள். சாலை கேட்கும் ஊருக்கு நடையின் மேன்மையைப் பதிலாகக் கூறுவது கொடுமை. சாலையும் வேண்டும், அதன் பின்னர் ஒற்றையடிப் பாதை புதர் மூடிப் போகாமலும் இருக்க வேண்டும்.

நகரில் உலாவச் செல்வோருக்கு 1863-இல் அமைந்த ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் பாதை உண்டு. (சீசனில் அங்கு கார்களுக்கே முதலிடம் என்பது வேறு விஷயம்.) கிராமங்களில் அத்தகைய வசதி இல்லை. மாலையில் காட்டெருமை நடமாடும் இடங்களில் பெண்களும் முதியோரும் வெளிச்சமின்றி எங்ஙனம் நடப்பர்? விளையாட்டுத் திடல் உள்ள ஊர்களிலும் இளைஞரின் கிரிக்கெட் ஆட்டமே அதை முழுதும் பிடித்துக்கொள்கின்றது.

ஆகவே, அக்டோபர் 2 கிராம சபையில் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும்போது, குடியிருப்பிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பாதையின் படிகளைச் செப்பனிடுதல், தெருவிளக்கு, பள்ளித் திடலை மாலையில் திறந்துவைத்தல் ஆகியவற்றைச் சேர்க்கும்படி உறுப்பினர்களை வேண்டுகிறோம். காட்டு எல்லையில் உள்ள பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். திடலில் பெண்களுக்குரிய நேரத்தை மகளிர் சுயஉதவிக் குழுவினரே குறிக்கட்டும். அந்நேரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து இரத்த அழுத்தம் பார்ப்பாராயின், கூட்டம் தானே சேரும்.