முடிபைக் காணும் முறை



எம் பெயர்த்தி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்குரிய 'கிளாட்' நுழைவுத் தேர்வுக்குப் பயின்று வருகின்றாள். 120 வினாக்களுக்கு 2 மணி நேரம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். அதன் தருக்கப் பகுதியில், "இப்பத்தியின் முதன்மை முடிபு யாது?" என்ற வகை வினாவில் அவள் மீண்டும் மீண்டும் தவறினாள். காரணம் கேட்டோம். "பாட்டி, 'ஆகவே' என்பதன் பின் வருவதே முடிபு என்று நீங்கள்தாமே சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்றாள். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கும் யாம் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தோம். அப்பிழையைத் திருத்துவது எம் கடன்.

கீழ்வரும் பத்தியை நோக்குக:

(1) ஏரியைத் தூர் வாரினால் தண்ணீர்ப் பஞ்சம் தீரும் என்று ஊரார் சிலர் கூறுகின்றனர். (2) ஆயினும் வரத்துக் கால்வாயைச் சீர்செய்வதே முதலில் செய்யத்தக்கது. (3) கால்வாய் புதர் மண்டி அடைபட்டுள்ளது. ஆகவே மழை பெய்தும் நீர் ஏரியை வந்தடைவதில்லை. (4) நீர் வாராத ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினும் பயனில்லை.

'ஆகவே' என்னும் சொல் மூன்றாம் வாக்கியத்தில் உள்ளது. எனினும் அது இடைமுடிபே. ஒன்றிலிருந்து பெறப்பட்டு, மற்றொன்றைத் தாங்குவது இடைமுடிபு. பிறவற்றால் தாங்கப்பெற்று, தான் எதனையும் தாங்காதது முதன்மை முடிபு.

ஐயம் எழுந்தால் இரு கூற்றுகளுக்கு இடையே 'ஆகவே' என்பதை இட்டுப் படியுங்கள். "நீர் வந்தடைவதில்லை, ஆகவே கால்வாயை முதலில் சீர்செய்க" என்பது பொருந்துகின்றது. முன்பின்னாக மாற்றினால் பொருந்தவில்லை. எனவே இரண்டாம் வாக்கியமே முதன்மை முடிபு.

விடைகளில் மயக்குவன மூன்று. ஆசிரியர் மறுக்கும் பிறர் கருத்து ஒன்று. இங்கு முதல் வாக்கியம் அத்தகையது. இடைமுடிபு மற்றொன்று. "தூர் வாருதல் ஒருபோதும் வேண்டா" என்பதுபோல் ஆசிரியர் கூறியதற்கு மிஞ்சிச் செல்வது மூன்றாவது. ஆசிரியர் 'முதலில்' என்றாரேயன்றி 'ஒருபோதும்' என்றாரல்லர்.

முடிபு இறுதியில்தான் வரும் என்பது நம் முன்னோர் கொள்கையும் அன்று. மணிமேகலை கூறும் ஐந்து உறுப்புகளில் நிறுவ வேண்டிய 'பக்கம்' முதலில் நிற்கும்; 'ஏது' அதன் பின்னரே வரும்; 'நிகமனம்' அப்பக்கத்தையே இறுதியில் மீளக் கூறும். சமணத் தருக்க நூலாகிய பரீட்சாமுகத்தில் மாணிக்கநந்தி ஆசாரியர் பக்கம், ஏது என்னும் இரண்டையே அனுமானத்தின் உறுப்புகளாகக் கொண்டார். எது நிறுவப்படுகின்றது, எதனால் நிறுவப்படுகின்றது என்னும் இவ்விரண்டையே நாமும் தேடுகின்றோம்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. முடிபு நமக்கு உடன்பாடா என்று வினா கேட்கவில்லை. பிறர் நிறுவ முயல்வதை அவர் கூறியவாறே அறிந்த பின்னரே மறுத்தல் முறை. இது தேர்வுக்கு மட்டும் உரியதன்று.

பயிற்சி: "நூலகம் மாலையிலும் திறந்திருத்தல் வேண்டும். பகலில் மாணவர் பள்ளியில் உள்ளனர். ஆகவே அப்போது அவர்களால் நூலகத்திற்கு வர இயலாது." இதன் முதன்மை முடிபு யாது? எம் பெயர்த்தி இம்முறை சரியாகக் கூறிவிட்டாள். நீங்களும் முயலுங்கள்.