பாடம்: மஞ்சப்பைக்கு விலை போடுவது எப்படி?



2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. தாம்பரம், பல்லாவரம் பக்கம் பகலில் வேலைக்குப் போய், ராத்திரி பை தைக்கும் அம்மாக்கள் நம்மில் உண்டு. கணக்கில் துணி, நூல் எழுதுகிறோம். நம்ம கூலியை விட்டுடறோம். "சும்மா இருக்கிற நேரம்தானே?" என்கிறோம். அது சும்மா நேரமில்லை. நம் தூக்கம், பிள்ளையோடு உட்காரும் நேரம்.

உதாரணம்: 10 பை
துணி, நூல்: ரூ.200
கூலி (3 மணி × ரூ.50): ரூ.150
ஒரு பையின் அடக்க விலை: ரூ.35

ரூ.25க்கு விற்றால் 3 மணி நேர உழைப்புக்கு ரூ.50தான் மிஞ்சும்.

குழுவில் பேசுங்கள்: நாம் தைக்கும்போது வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?