பலர் பணம், ஒருவர் பொறுப்பு: புதுச்சேரி கணக்குப் பிரிவினருக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ அரசுத் துறையிலோ கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? உங்கள் மேசைக்கு வரும் பணம் பல இடங்களிலிருந்து வருகிறது. மத்திய அரசின் திட்ட நிதி, புதுச்சேரி அரசின் மானியம், உள்ளாட்சியின் சொந்த வீட்டு வரி, கடை வாடகை என்று எல்லாம் ஒரே அலுவலகத்தில் சேர்கின்றன. மேலதிகாரி பார்த்துக்கொள்வார் என்று எழுத்தர் இருக்க, எழுத்தர் பார்த்திருப்பார் என்று மேலதிகாரி கையெழுத்துப் போடும்போதுதான் இந்தப் பணத்தில் ஓட்டை விழுகிறது. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பொறுப்பாளியும் ஒரு கெடு தேதியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

யார் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள்?

1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டப்படி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை துணைநிலை ஆளுநரிடம் போகிறது. அவர் அதைச் சட்டப்பேரவையில் வைக்கச் செய்கிறார். பிறகு பேரவையின் பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. புதுச்சேரி அரசின் பொதுக் கணக்கு (Public Account) முன்பு மத்திய அரசின் கணக்கோடு சேர்ந்தே இருந்தது. அது தனியானது 2007 டிசம்பர் 17 அன்றுதான்.

ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் 1973ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத இடத்தில் கணக்குப் பிரிவின் நேர்மைதான் மக்களுக்குக் காவல்.

1. நிதிவாரியாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு நிதிக்கும் பதிவேட்டில் தனிப் பக்கம் வையுங்கள். அனுமதி ஆணை எண், தேதி, நோக்கம், நிபந்தனை, செலவிட வேண்டிய கடைசி நாள், பொறுப்பு அலுவலர் பெயர் ஆகியவை அதில் இருக்கட்டும். மத்திய மானியத்துக்கு வங்கி தந்த வட்டியும் உங்கள் அலுவலக வருமானம் ஆகாது. கணக்கு முடிந்ததும் அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போக வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள்.

2. மாதக் கடைசியில் ஒத்துப் பாருங்கள்

கேஷ் புக்கையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இறுதி இருப்பு பொருந்தினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுகட்டியிருக்கலாம். வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணமும் சரிசெய்யும் தேதியும் எழுதுங்கள். காசோலை மூன்று மாதம்தான் செல்லும். பணமாகாமல் கிடப்பதைத் தனியே பட்டியலிடுங்கள். அலுவலகத் தலைவர் கையிருப்பைச் சரிபார்த்துத் தேதியோடு கையெழுத்திட்ட பிறகே அந்த மாதக் கணக்கு முடிந்ததாகும்.

3. வருமானப் பக்கத்தை விடாதீர்கள்

செலவு வவுச்சரைத் துருவிப் பார்க்கும் அலுவலகங்கள் வரவைக் கவனிக்கத் தவறுகின்றன. பெரிய மார்க்கெட் போன்ற நகராட்சி அங்காடிகளின் வாடகையானாலும் வீட்டு வரியானாலும், கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்திகளும் மாதந்தோறும் நிரம்ப வேண்டும். ரசீதுப் புத்தகங்களுக்கு இருப்புப் பதிவேடு வையுங்கள். அடிக்கட்டையில் உள்ள தொகையும் வங்கியில் கட்டிய தொகையும் ஒன்றா என்று, வசூலித்தவர் அல்லாத ஒருவர் பார்க்கட்டும்.

4. கெடு நாட்களை நாட்காட்டியில் குறியுங்கள்

சில்லறைச் செலவுக்கு முன்பணம் எடுத்தால் 15 நாட்களுக்குள் சரிக்கட்டும் பில்லும் மீதித் தொகையும் வர வேண்டும். வராவிட்டால் எடுத்தவரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். மானியத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும். நிலையான பொருட்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகச் செலவழிப்பதை நிதி ஒழுங்கை மீறும் செயல் என்றே பொது நிதி விதிகள் சொல்கின்றன. எனவே டிசம்பரிலேயே செலவாகாத தொகையைக் கணக்கிட்டு மேலே தெரிவியுங்கள்.

5. தணிக்கை மெமோவுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்

குறையை ஏற்றுக்கொண்டு திருத்தலாம். ஆவணம் காட்டி விளக்கலாம். விதியைச் சுட்டி மறுக்கலாம். ‘இனி கவனிக்கப்படும்’ என்ற பதிலால் எந்தத் தணிக்கைப் பத்தியும் முடிவதில்லை. அடுத்த ஆண்டு அதே பத்தி திரும்ப வரும். நிலுவைப் பத்திகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அதே குறை இரண்டாம் முறை வந்தால் நடைமுறையையே மாற்றச் சொல்லி எழுதுங்கள்.

உங்கள் வளர்ச்சிக்கு

பொது நிதி விதிகளை மூல நூலிலேயே படியுங்கள். எக்செல், மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பு (பி.எஃப்.எம்.எஸ்.) இரண்டிலும் கை பழகட்டும். தணிக்கைப் பணியே விருப்பமென்றால், பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக சி.ஏ.ஜி. துறையில் ஆடிட்டராகவோ உதவித் தணிக்கை அலுவலராகவோ சேரலாம்.

வாய்மொழி உத்தரவில் பணம் கொடுக்கச் சொன்னால், மரியாதையோடு எழுத்தில் கேளுங்கள். கோப்பில் உங்கள் கருத்தைத் தேதியிட்டு எழுதுங்கள். உங்களைக் காப்பது அந்த எழுத்துதான். வரி கட்டியவரின் பணத்தையும் அதுதான் காக்கும். இந்த மாதக் கடைசியிலேயே ஒரு திட்டக் கணக்கை எடுத்து முழுதாக ஒத்துப் பார்த்துத் தொடங்குங்கள்.