களிமண் மேல் நிற்கும் பழைய வீடு: வெடிப்பை அடைப்பதற்கு முன்

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பழைய வீடுகளில் சித்திரை வெயிலில் சுவர் வெடிக்கும். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, வெடிப்பைக் கொத்திவிட்டு ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையை அடைத்து, கோழிவலை அடித்துப் பூசி, பெயிண்டும் அடித்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் தரை ஊறியதும் பழைய வெடிப்புக்கு ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று ஓடும். பழி கொத்தனார் தலையில் விழும். பாவம், அவர் சொன்னதைச் செய்தார். கோடையில் களிமண் காய்ந்து சுருங்கும்போது வெடிப்பு விரிகிறது. மழையில் மண் உப்பும்போது அது மூடப் பார்க்கிறது. மூட இடமில்லாதபடி கெட்டிக் கலவையை அடைத்துவிட்டால், சுவர் வேறு எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே முதலில் தண்ணீர், பிறகு அஸ்திவாரம், கடைசியில்தான் வெடிப்பு. வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பு.

வேலையைத் தொடங்கும் முன் மண் எது என்று பாருங்கள். கடலூர் மாவட்டம் முழுக்க ஒரே மண் இல்லை. கேப்பர் மலைப் பக்கம் செம்மண், தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் மணல். அங்கே சுவர் வெடித்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டி மூன்றடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து, நனைத்து, உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். தீக்குச்சி கனத்துக்கு வந்தும் உடையாமல் நீண்டால் களி. எவ்வளவு உப்பும் என்று அறிய, காயவைத்துச் சலித்த மண்ணைப் பத்து கிராம் வீதம் இரண்டு அளவுக்குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் நூறு மில்லி வரை ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீர்க் குழாயில் மண் எவ்வளவு கூடுதலாக நிற்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுச் சுவரைத் தூக்கிப் போடுகிறது. சிவில் துறை உள்ள கல்லூரி ஆய்வகங்களில் கொடுத்தாலும் செய்து தருவார்கள்.

அடுத்தது அளப்பது. வெடிப்பின் இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத ஸ்குரூ ஒவ்வொன்று பதித்து, மாதம் ஒருமுறை வெர்னியரால் இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே பென்சிலால் எழுதுங்கள். கண்ணாடித் துண்டு ஒட்டும் பழக்கம் உண்டு. அது உடைந்தால் சுவர் நகர்ந்தது தெரியும். எவ்வளவு, திரும்பி வந்ததா என்பது தெரியாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே மெல்லிசாகவும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. சந்தேகமிருந்தால் பேஸ்மட்டத்தில் ஒரே செங்கல் வரிசையைப் பிடித்து, வீட்டைச் சுற்றி ட்யூப் லெவல் வைத்தால் எந்த மூலை என்று காட்டிவிடும்.

இந்த அளவு ஒரு கோடையையும் ஒரு மழையையும் பார்க்க வேண்டும், சித்திரை தொடங்கி மார்கழி வரை. காட்டுமன்னார்கோயில் பக்கம் வாய்க்காலை ஒட்டிய வீடுகளில் மழையை மட்டும் பார்த்தால் போதாது. வீராணத்திலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடும் நாளையும் குறித்து வையுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே விலக்கு: தூக்குக்குண்டு விட்டால் சுவர் சாய்ந்து தெரிகிறது, உத்திரத்தின் முனை சுவரிலிருந்து நழுவுகிறது, வெடிப்பு அரை அங்குலத்தைத் தாண்டிவிட்டது என்றால் காத்திருக்கக் கூடாது. முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அளந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வேலையை ஆரம்பித்துவிடலாம். இறங்கிய மூலைக்குப் போய் நின்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே பின்னால் சேர்த்துக் கட்டிய குளியலறையோ கழிவறைக் குழியோ மாடித் தண்ணீர் கொட்டும் குழாயோ இருக்கும். யாரும் நினைத்துப் பார்க்காதது முற்றத்துச் சாக்கடை. பழைய வீடுகளில் அது கூடத்துக்கும் நடைக்கும் அடியில் செங்கல் கால்வாயாகத் தெரு வரை போகும். தெருவில் சுரண்டாமல் ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்தியதில் அந்த வாய் எப்போதோ அடைபட்டிருக்கும். முற்றத்துத் தண்ணீர் முழுக்க நடுச்சுவரின் அஸ்திவாரத்தில் இறங்கும். இரண்டு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து முற்றத்தில் ஊற்றிவிட்டுத் தெருப்பக்கம் நின்று பாருங்கள். ஒரு வாளிகூட வெளியே வரவில்லை என்றால் கால்வாயை விட்டுவிட்டு, மூட்டு கசியாத பிவிசி குழாய் போடுங்கள். தெரு உயர்ந்துவிட்டதால் சாய்வு கிடைக்காது என்றால் ஒரு தொட்டி கட்டிச் சின்ன மோட்டார் வைக்க வேண்டியதுதான்.

மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பெரிய வேம்பு தினமும் உறிஞ்சிய ஈரம் ஒரே நாளில் மண்ணில் தங்க ஆரம்பித்தால், சுருங்கிக் கிடந்த களி உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும். இரண்டு மூன்று வருடமாகக் கிளை கழித்துக் குறைப்பது நல்லது.

பிறகு வீட்டைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு வெளிப்புறம் சாய்வாகத் தளம். அடியில் தடித்த பிளாஸ்டிக் தாள். தளத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அரை அங்குலம் விட்டுத் தார் ஊற்றுங்கள். பல வீடுகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும், அடுத்த கோடையில் ஸ்குரூ இடைவெளி அசையாது.

அசைந்தால்தான் அஸ்திவாரத்தில் கை வைக்க வேண்டும்: அதன் அடியில் கெட்டி மண் வரை தோண்டி, கான்கிரீட்டால் தாங்க வேண்டும். பங்குனியில் தோண்டுங்கள். தை மாதம் இங்கே நிலத்தடி நீர் மேலே நிற்கும், குழியில் ஊறும். 2015 வெள்ளத்துக்கும் 2024 டிசம்பர் வெள்ளத்துக்கும் பிறகு தண்ணீர் வடிந்த கையோடு தோண்டியவர்கள் சேற்றில் கான்கிரீட் போட்டார்கள்.

சுவரின் நீளத்தை நான்கு நான்கடியாகப் பிரித்து, சாக்பீஸால் 1, 2, 3, 4 என்று திரும்பத் திரும்ப எழுதுங்கள். மண்சாந்தில் கட்டிய சுவருக்கு மூன்றடி போதும். முதலில் எல்லா ஒன்றுகளும், பிறகு மூன்றுகள், அப்புறம் இரண்டுகள், கடைசியில் நான்குகள். எப்போதும் காலில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. “ஆளுங்க வந்துட்டாங்க சார், பக்கத்துக் குழியையும் சேர்த்து எடுத்துடலாம்” என்று மேஸ்திரி கேட்பார். கூலி வீணானாலும் பரவாயில்லை, வேண்டாம். நான்கடிக்கு மேல் ஆழம் போனால் குழிக்குப் பலகை முட்டு; உள்ளே ஆள் இருக்கும்போது மேலே இன்னொருவர்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு அடி கணக்கு கிடையாது. கோடை வெடிப்பும் மெல்லிய வேர்களும் நின்றுபோய், ஈரம் மாறாத கெட்டிக் களி வர வேண்டும். கட்டைவிரலை அழுத்தினால் நகக்குறி மட்டும் விழட்டும்; விரல் உள்ளே போனால் இன்னும் தோண்ட வேண்டும். அதற்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்தால் இந்த முறை ஆகாது. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே உருவாக்கிய, அடியில் குமிழ் விரிந்த பைல் இருக்கிறது. அது பொறியாளர் வேலை. கெட்டி மண் வந்தால் அன்றைக்கே அடியில் ஒல்லிக் கான்கிரீட்டைப் போட்டு மூடிவிடுங்கள். களியை ஓர் இரவு திறந்து வைத்தால் காயும், அல்லது இளகும்.

எல்லோரும் தடுமாறும் இடம் இனிமேல்தான். குழியில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கான்கிரீட்டைப் பழைய அஸ்திவாரத்தின் அடி வரை தளும்ப நிரப்பிவிட்டு, தொட்டுவிட்டது, வேலை முடிந்தது என்பார்கள். கான்கிரீட் இறுகும்போது சற்று அமரும், சுருங்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். சுவர் இறங்கித்தான் அந்த இடைவெளியை மூடும். அத்தனை செலவும் செய்து புது வெடிப்பு வாங்கியதாகிவிடும். கான்கிரீட்டை மூன்று அங்குலம் குறைத்து நிறுத்துங்கள். இரண்டு நாள் விடுங்கள். பழைய அஸ்திவாரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் களியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். சுண்ணாம்பு செங்கல் ஜல்லி உதிர்ந்தால் கெட்டியான இடம் வரை தட்டிவிட்டு லேசாக நனையுங்கள். ஒன்றுக்கு மூன்று சிமெண்ட், பருமணல் கலவையில் தண்ணீர் தெளித்த மாதிரிதான் இருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், கை ஈரமாகக் கூடாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கத்திலிருந்து வைத்து, மரக்கட்டையும் சுத்தியலும் கொண்டு இடியுங்கள். சத்தம் மாறும். மொத்துச் சத்தம் போய் ‘டங்’ என்று வந்த பிறகுதான் அடுத்த கை. இந்த வேலைக்கு அவசரக்காரக் கொத்தனார் ஆகாது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் அடுத்த எண்.

ஒரு மூலையை மட்டும் ஆழமாகக் கட்டிவிட்டு மற்றதை ஆடும் மண்ணில் விட்டால், இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளக்கும். அந்தச் சுவர் முழுக்கச் செய்யுங்கள், அல்லது ஆழத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய் முடியுங்கள். குழியை மூட மணல் வேண்டாம். களிக்கு நடுவே மணல் பள்ளம் வெறும் தொட்டி, மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். உப்பாத செம்மண் கிராவலை அரையடி அரையடியாக நனைத்துத் திமிசு போட்டு மூடுங்கள்.

வெடிப்பை அடைப்பது எளிது. இன்னொரு மழை போகட்டும். தை, மாசியில் செய்யுங்கள். உடைந்த செங்கல்லைப் பிடுங்கி, இரண்டு பக்கமும் பல் வைத்து, நனைத்த செங்கல்லால் கோர்த்துக் கட்டுங்கள். கம்பி வைப்பதானால் ஸ்டெயின்லெஸ் மட்டும். உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி துருவேறி உப்பி, தானே ஒரு வெடிப்பு போடும். இந்தப் பக்கத்துப் பழைய சுவர்கள் பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டியவை, கலவையும் அதுவே இருக்கட்டும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. சிமெண்டை விட மெதுவாகத்தான் இறுகும், இரண்டு வாரம் ஈரச் சாக்கு கட்டி வையுங்கள். கலவையில் கடுக்காயும் வெல்லமும் கலக்கலாமா என்று கேட்பார்கள். தெரிந்த ஆள் கிடைத்தால் கலக்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் சுவர் நிற்கும். மேலே எமல்ஷன் பூசினால் உள்ளே நிற்கும் ஓதம் உப்பாகப் பூத்துப் பெயிண்டை உரித்துவிடும். மூன்று கோட்டு சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும்.